திரை நின்றால் சுவிட்சைத் தொடாதீர்கள்

கேள்வி: வணக்கம் சார். குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிறோம். சுற்றுப்பட்டில் உள்ள தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, நெய்து வரும் கைலிக்குக் கூலி தருகிறோம். கூலிக் கணக்கு, பில், இருப்பு எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் இருக்கிறது. சொந்தக்காரத் தம்பி ஒருவர் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராமில் செய்து கொடுத்தது. அவர் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். சில மாதமாகத் திரை அடிக்கடி நின்றுபோகிறது. சில நேரம் எங்கே கிளிக் செய்தாலும் ‘டிங்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. சனிக்கிழமை கூலிப் பட்டியல் எடுக்கும்போது திரை வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. மாடியில் கொழுந்தனார் லேப்டாப்பில் அதே சாஃப்ட்வேரைத் திறந்திருந்தால், சில பார்ட்டி கணக்கில் எழுத்தே ஏறுவதில்லை. மாமனாருக்குப் பொறுமை கிடையாது, சுவிட்சையே அணைத்துவிடுகிறார். அப்படிச் செய்த பிறகு இரண்டு தடவை கடைசியாகப் போட்ட பில்கள் காணாமல் போயின. ரிப்பேருக்கு வந்தவர் ‘கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்குங்க’ என்கிறார். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காகவாவது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், புதுக் கம்ப்யூட்டரிலும் அதே சனிக்கிழமை அதே திரை அதே மாதிரி நிற்கும். கொஞ்சம் சீக்கிரம் விடுபடலாம், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம், சத்தத்தையும் நிறத்தையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ‘ஹேங் ஆகுது சார்’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களுக்கு என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடிவதில்லை. உங்களுக்குச் சொல்ல முடியும். ஏனென்றால் நீங்கள் ஒரே பிரச்சினை என்று நினைப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். டிங் என்று சத்தம் வரும்போது சாஃப்ட்வேர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. வெளுத்துப்போகும்போது வேலையில் மூழ்கியிருக்கிறது. எழுத்து ஏறாதபோது அந்தக் கணக்கை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சுவிட்சை அணைப்பது மூன்றில் எதற்குமே வைத்தியம் இல்லை.

அந்தச் சுவிட்சை முதலில் பேசிவிடுவோம், உங்கள் பில்களைத் தின்றது அதுதான். ஆக்சஸ் தன் கணக்கு முழுவதையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்கிறது. ஒரு பில்லைச் சேமிக்கும்போது அந்த ஃபைலுக்குள் பல இடங்களில் எழுத வேண்டியிருக்கும். பில்லின் வரி ஒரு பக்கம், அதைத் தேடி எடுப்பதற்கான இண்டெக்ஸ் இன்னொரு பக்கம். திரையில் சேவ் ஆனதாகத் தெரிந்த பிறகும், விண்டோஸ் அதை டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் மின்சாரம் போனால் பாதி எழுதியிருக்கும், பாதி இருக்காது. அடுத்த முறை திறக்கும்போது ஆக்சஸ் ஃபைலைச் சரிசெய்யப் பார்க்கும். சேராமல் நிற்கிற வரிகளைச் சில நேரம் தூக்கி எறிந்துவிடும். அப்படிப் போனவைதான் உங்கள் கடைசி பில்கள். இதுவரை பில் மட்டும் போயிருக்கிறது. ஒருநாள் ஃபைலே திறக்காமல் போகலாம்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து, ஓடுகிற புரோகிராமை வலுக்கட்டாயமாக நிறுத்துவதும் ஏறக்குறைய இதே காரியம்தான். விண்டோஸ் உயிரோடு இருப்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு, அவ்வளவே. வேறு எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் மட்டும் அதற்குப் போங்கள்.

மாமனாரிடம் ஃபைல், இண்டெக்ஸ் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ‘மாமா, இதை இப்ப அணைச்சா தறிக்காரங்க கூலிக் கணக்கு போயிடும், பத்து நிமிஷம் பொறுங்க’ என்று சொல்லுங்கள். கூலி பாக்கியில் தகராறு வந்தால் என்ன ஆகும் என்பது நம் இரண்டு பேரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது ‘டிங்’. ஆக்சஸ் ஒரு கேள்விப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால், அதற்குப் பதில் சொல்லும்வரை மற்ற எந்தத் திரையையும் தொட விடாது. தொட்டால் சத்தம் போடும். பெட்டி கண்ணுக்குத் தெரிந்தால் நீங்களே பதில் சொல்லியிருப்பீர்கள். அது மற்றொரு திரைக்குப் பின்னால் போய்விட்டது, அல்லது மானிட்டருக்கு வெளியே திறந்திருக்கிறது. அண்மையில் பெரிய மானிட்டரை எடுத்துவிட்டுச் சின்னதை மாட்டினீர்களா, அல்லது திரை அளவை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வேலூரில் ஒரு மருந்துக்கடையில் நான் இதைப் பார்த்தேன். இரண்டு மானிட்டர் இருந்த இடத்தில் ஒன்றைக் கழற்றி உள்ளே ஸ்டோருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ‘இந்த மருந்தின் காலாவதித் தேதி நெருங்குகிறது, தொடரலாமா?’ என்ற பெட்டி, இல்லாத அந்த மானிட்டரில் போய்த் திறந்துகொண்டிருந்தது.

டிங் என்றதும் முதலில் எஸ்கேப்பை ஒரு முறை அழுத்துங்கள். எண்டர் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கேள்விக்கு எண்டர் தட்டினால் ‘அழிக்கவா?’ என்பதற்கு ‘ஆம்’ சொன்னதாகிவிடலாம். எஸ்கேப்பில் போகவில்லையென்றால் ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தி, திறந்திருக்கும் திரைகளில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டி வெளியே நிற்கிறது என்று தோன்றினால் ஆல்ட்டும் ஸ்பேஸ் பாரும், பிறகு எம், பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரு தட்டு. இப்போது மவுஸை நகர்த்தினால் பெட்டி அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். நிரந்தரமாகச் சரிசெய்ய, அந்தக் கேள்விப் பெட்டியின் டிசைனில் ‘ஆட்டோ சென்டர்’ என்பதை ‘எஸ்’ ஆக்கச் சொல்லித் தம்பியிடம் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

சனிக்கிழமை விவகாரம் பெரியது. ஒரு புரோகிராம் 5 விநாடி விண்டோஸ் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையென்றால், விண்டோஸ் அதை ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று முத்திரை குத்தி, திரையை வெளுக்க வைத்துவிடும். செத்துப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கணக்குப்பிள்ளை பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கமாட்டார், அப்படித்தான்.

உண்மையிலேயே வேலை நடக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஆக்சஸ் வரிக்கு நேரே சிபியு, டிஸ்க், நெட்வொர்க் என்ற எண்களைக் கவனியுங்கள். அசைந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். சிபியு 25 என்றோ 12 என்றோ நகராமல் நிற்கிறதே, முழுதாக ஓடவில்லையே என்று நினைக்க வேண்டாம். சிபியுவுக்குள் ‘கோர்’ என்ற பல வேலைப் பகுதிகள் இருக்கும், ஆக்சஸ் பெரும்பாலும் அதில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். நான்கு கோர் உள்ள கம்ப்யூட்டரில் ஒன்று முழுதாக ஓடினால் 25 என்றுதான் காட்டும். டிஸ்க்கும் நெட்வொர்க்கும் பூஜ்யமாகவே இருக்க, சிபியு மட்டும் ரொம்ப நேரம் அதே எண்ணில் நின்றால், தம்பி எழுதிய புரோகிராம் கட்டளைகள் எங்கோ சுற்றிச் சுற்றி வருகின்றன என்று சந்தேகப்படலாம். அப்போது கன்ட்ரோலும் பிரேக்கும் அழுத்துங்கள். புரோகிராம் அங்கேயே நிற்கும், எந்த வரியில் நின்றது என்றும் காட்டும். அந்த வரியை மொபைலில் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

காத்திருக்கும்போது வெளுத்த திரையில் கிளிக் செய்துகொண்டே இருக்காதீர்கள். தட்டியதெல்லாம் வரிசையில் நின்று, திரை விடுபட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கலாம். ஒரே கூலி இரண்டு முறை பதிவானதுண்டா என்று பழைய கணக்கை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

சரி, ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது? தம்பி செய்ததைப் பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் இந்த மாதிரிக் கூலிக் கணக்குகள் பலவற்றைப் பார்த்தவன் என்பதால் என் ஊகம் இது. பட்டியலில் ஒவ்வொரு தறிக்காரர் பெயருக்கும் எதிரே பழைய பாக்கி வர வேண்டும். அதற்கு ‘டி-சம்’ என்ற கூட்டல் கட்டளையைப் போட்டிருப்பார். அது ஒவ்வொரு பெயருக்கும் ஆரம்பத்திலிருந்து மொத்தக் கணக்கையும் ஒரு முறை படிக்கும். உதாரணத்துக்கு 200 தறிக்காரர்கள், இதுவரை 60,000 பதிவுகள் என்று வையுங்கள். ஒரு பட்டியலுக்கு 1 கோடியே 20 லட்சம் வரிகளைப் படித்தாக வேண்டும். தொடங்கிய வருடம் பதிவுகள் குறைவு, அதனால் பட்டியல் உடனே வந்திருக்கும். வாரா வாரம் பதிவு கூடக் கூட நேரமும் கூடும். இப்போதுதான் அது உங்கள் பொறுமையைத் தாண்டியிருக்கிறது.

இதற்குப் பாதி நிவாரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபைலைத் திறந்தால், வழக்கமான முதல் திரை வராமல் உள்ளே இருக்கும் டேபிள்கள், அதாவது பதிவுகள் இருக்கும் அட்டவணைகள், தெரியும். தம்பி அந்த வழியை அடைத்திருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். கூலிப் பதிவு டேபிளை, அதன் அமைப்பைக் காட்டும் ‘டிசைன் வியூ’வில் திறந்து, தறிக்காரர் எண் வரியில் நின்று கீழே ‘இண்டெக்ஸ்டு’ என்பதைப் பாருங்கள். ‘நோ’ என்றிருந்தால் ‘எஸ், டூப்ளிகேட்ஸ் ஓகே’ என்று மாற்றிச் சேமியுங்கள். ‘நோ டூப்ளிகேட்ஸ்’ வேண்டாம், ஒரே தறிக்காரர் பல முறை வருவார் அல்லவா. தேதி வரிக்கும் இதையே செய்யுங்கள். இனி ஒரு தறிக்காரரின் வரிகளை மட்டும் நேராகப் போய் எடுக்க அதற்கு வழி கிடைக்கும். மீதிப் பாதி, அந்த டி-சம்மை எடுத்துவிட்டு எல்லோர் பாக்கியையும் ஒரே குவரியில், அதாவது டேபிளிடம் கேட்கும் ஒரே கேள்வியில், கூட்டுவது. அது தம்பி செய்ய வேண்டியது.

இதைத் தொடுவதற்கு முன்பு நகல் கட்டாயம். கொழுந்தனார் உட்பட எல்லோரும் சாஃப்ட்வேரை மூடிய பிறகு, ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதே பெயரில், ‘ரெக்கார்ட் லாக்கிங் இன்ஃபர்மேஷன்’ என்று வகை குறிப்பிட்ட சின்ன ஃபைல் ஒன்று பக்கத்தில் இருந்தால், யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அது மறைந்த பிறகு எடுப்பதுதான் நம்பத்தகுந்த நகல். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். தினமும் கடை கட்டும்போது ஒரு நகல், தேதியைப் பெயரில் போட்டு, பென் டிரைவில். வாரம் ஒன்று வீட்டுக்கு. நேற்றைய நகலின் மேலேயே இன்றையதைப் போடாதீர்கள். ஃபைல் கெட்டது தெரியவே சில நாள் ஆகும், அதற்குள் நல்ல நகலும் போய்விடும்.

நகல் எடுத்த பிறகு ‘காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்’ ஒரு முறை ஓட்டுங்கள். ஃபைல் மெனுவில் இன்ஃபோ பக்கத்தில் இருக்கிறது. அழித்த பதிவுகளின் இடத்தை ஆக்சஸ் தானாகத் திருப்பித் தருவதில்லை, ஃபைல் ஊதிக்கொண்டே போகும். இது அதை இறுக்கிக் கட்டி, இண்டெக்ஸ்களையும் புதிதாகப் போட்டுவிடும். ஆக்சஸ் ஃபைல் ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளரவே முடியாது. உங்களுடையது எவ்வளவு என்று பாருங்கள். 1 ஜிபியைத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இனி மாடி லேப்டாப். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ஆக்சஸில் ஃபைல் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தாலும், கணக்குப் போடுவது திறந்திருக்கும் கம்ப்யூட்டர்தான். அதாவது மாடியில் ஒரு பட்டியல் எடுத்தால், தேவையான பக்கங்களெல்லாம் கீழேயிருந்து மேலே போக வேண்டும், மாற்றங்கள் திரும்பி வர வேண்டும். கொழுந்தனார் வைஃபையில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். மொபைலில் வீடியோ பார்க்கும்போது வைஃபை ஒரு நொடி விட்டுப் பிடித்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆக்சஸுக்கு அந்த ஒரு நொடி சுவிட்சை அணைத்ததற்குச் சமம். ஆற்காட்டில் ஒரு அரிசி மண்டியில் ஃபைல் திரும்பத் திரும்பக் கெட்டுக்கொண்டிருந்தது. கேபிள் இழுத்த பிறகு நின்றது. மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். புதுக் கம்ப்யூட்டர் விலையில் அது ஒரு மூலைக்குக் காணாது. கேபிள் வரும்வரை மாடியில் திறக்க வேண்டாம் என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள், மனம் கோணினாலும் பரவாயில்லை.

எழுத்து ஏறாத பார்ட்டி கணக்குக்கு வருவோம். அந்தத் திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும், தம்பி மறைக்காமல் விட்டிருந்தால். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது அதில் பென்சில் படம் தெரியும், இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட படம் தெரிந்தால், அந்த வரியை வேறு யாரோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் ஒரு பார்ட்டியின் போன் நம்பரைத் திருத்த ஆரம்பித்து, பென்சில் நிற்கும்போதே எழுந்து சாப்பிடப் போய்விட்டால், அவர் கை கழுவி வரும்வரை கீழே நீங்கள் அந்தக் கணக்கில் ஒரு எழுத்தும் போட முடியாது. சில நேரம் பக்கத்து வரிகளும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எழுவதற்கு முன் ஷிஃப்டும் எண்டரும் அழுத்தினால் சேமித்துவிடும். வேண்டாமென்றால் எஸ்கேப் இரண்டு முறை. இதை அவர் பழக்கிக்கொண்டாலே அந்தப் புகார் பெரும்பாலும் போய்விடும்.

அதோடு, இருவரும் ஒரே ஃபைலை நேராகத் திறக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. அது கூடாது. ஆக்சஸிலேயே டேட்டாபேஸ் ஸ்பிளிட்டர் என்ற வசதி இருக்கிறது. டேபிள்களை ஒரு ஃபைலாகவும், திரைகளையும் பட்டியல்களையும் இன்னொரு ஃபைலாகவும் பிரித்துவிடும். டேபிள் ஃபைல் கீழே கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்று. திரை ஃபைல் ஆளுக்கு ஒன்று, அவரவர் கம்ப்யூட்டரில். ஒருவருடைய திரை ஃபைல் கெட்டால் வேறு நகலைப் போட்டுக்கொள்ளலாம், கணக்குக்கு ஒன்றும் ஆகாது. டேபிள் ஃபைலை இணையத்தோடு தானாகச் சேர்ந்துகொள்ளும் ஒன்டிரைவ் போன்ற ஃபோல்டரில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டு பேர் எழுதும் ஃபைலை அது முழுசாக மேலேயும் கீழேயும் இழுத்துக் குழப்பிவிடும்.

பிரிண்டரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பட்டியல் திறக்கும்போது ஆக்சஸ் டிஃபால்ட் பிரிண்டரை, அதாவது வேறு எதையும் சொல்லாதபோது விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பிரிண்டரை, கேட்டுக்கொள்ளும். அது மாடியில் அணைந்து கிடக்கும் பிரிண்டராக இருந்தால் பதில் வரும்வரை திரை நிற்கும். ‘மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதை டிஃபால்ட்டாக மாற்றிவிட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சட்டென்று வந்தால் பிரிண்டர்தான் காரணம். அப்புறம் செட்டிங்ஸில், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தேர்வை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் பிரிண்டரை நீங்களே டிஃபால்ட்டாக வையுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும், அன்று காலையில் சாஃப்ட்வேரைத் திறக்காமலே இருக்கலாம். சொல்லாமல் போவதற்கு யுபிஎஸ் வேண்டும். கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு, ரவுட்டரைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகியிருப்பதைப் பல கடைகளில் பார்க்கிறேன். கரண்ட் போனதும் கீழே கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் மாடியோடு தொடர்பு அறுந்துவிடும். கேபிள் இழுத்தாலும் நடுவில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டுமே. அதையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

தம்பியைத் தொந்தரவு செய்யத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தயங்க வேண்டாம், கூலி கொடுத்துக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஆட்டோ சென்டர், ஸ்பிளிட், அந்தக் குவரி மூன்றையும் அவர் முடித்துவிடுவார். டிசைனைத் திறக்கக்கூடிய மூல ஃபைல் அவரிடம் இருந்தால் அதையும், ஃபைலுக்கு பாஸ்வேர்டு இருந்தால் அதையும் இப்போதே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு அவர் வேறு ஊர், வேறு நாடு போகலாம். புதுக் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை அவருக்குத் தருவதுதான் நியாயம்.

இந்தச் சனிக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, கீழே மட்டும் கூலிப் பட்டியல் எடுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் போட்ட பிறகு அடுத்த சனிக்கிழமை எவ்வளவு ஆனது என்பதையும், ஃபைலின் அளவையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அந்த மூன்று எண்களும் வந்தால், மிச்சம் இருப்பது எது என்று சொல்கிறேன்.